டு ப்ரேயின் வில்லில் சோகம் மட்டும்தானா?

ஆங்கிலேய செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சக்கர நாற்காலியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 28 வயதில் வாசிப்பு நின்றது, 42 வயதில் உயிர் பிரிந்தது, நடுவே 14 ஆண்டுகள் நோய். எல்லாம் உண்மை. ஆனால் இந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு, உடல்நலத்தோடு இருந்த காலத்தில் அவர் வாசித்ததையும் ஒரு நீண்ட அழுகையாகவே கேட்கும் பழக்கம் ரசிகர்களிடம் ஊறிப்போய்விட்டது. அது அந்தக் கலைஞருக்கு இழைக்கும் அநீதி.

அவருடைய புகழுக்கு அடித்தளமான பதிவை எடுத்துக்கொள்வோம். எட்வர்ட் எல்கரின் செல்லோ கன்செர்ட்டோ 1919இல் லண்டனில் அரங்கேறியபோது எடுபடவில்லை. ஒத்திகைக்குப் போதிய நேரம் தரப்படாததே காரணம். அன்றைக்கு இசைக்குழுவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் பார்பிரோலி. 46 ஆண்டுகள் கழித்து, 1965 ஆகஸ்டில், அதே படைப்பை லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் அவர் நடத்தினார். தனி செல்லோ வாசித்த டு ப்ரேக்கு அப்போது வயது 20. நோயின் நிழல்கூட விழாத வயது. உலகப் போர் முடிந்த தளர்ச்சியில் ஒரு முதியவர் எழுதியதை ஓர் இளம்பெண் எப்படி இவ்வளவு நெருக்கமாக உணர்ந்தார் என்று கேட்கத்தான் தோன்றும். விதி முன்கூட்டியே பேசியது என்று சிலர் விடை சொல்கிறார்கள். பயிற்சி பேசியது என்பதே சரியான விடை.

அந்தப் பயிற்சி எங்கே தொடங்கியது? டு ப்ரே 1945இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். நான்கு வயதிலேயே வானொலியில் செல்லோவைக் கேட்டு, அந்தச் சத்தம்தான் வேண்டுமென்று அடம்பிடித்தார். தாய் ஐரிஸ் பியானோ கலைஞர். மகளுக்கென்று சின்னச் சின்ன மெட்டுகள் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து, இரவில் அவள் படுக்கையருகே வைத்துவிடுவார். விடிந்ததும் குழந்தை அதை வாசித்துப் பார்க்க உட்கார்ந்துவிடும். பிறகு வில்லியம் ப்ளீத் என்ற ஆசான் கிடைத்தார். 11 வயதில் சுஜ்ஜியா பரிசு; அதன் நடுவர் குழுவில் இருந்தவர் அதே பார்பிரோலி. 16 வயதில், 1961இல், விக்மோர் ஹாலில் முதல் பெரிய கச்சேரி. பின்னர் பாரிஸில் டோர்ட்டெலியே, மாஸ்கோவில் ரஸ்ட்ரபோவிச் என்று தேடித் தேடிக் கற்றார். இத்தனை ஆண்டு உழைப்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன ரசனை?

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள 1969இல் கிறிஸ்டோபர் நூப்பன் எடுத்த படம் ஒன்றே போதும். ஷூபர்ட்டின் ‘ட்ரௌட்’ ஐவர் இசையை ஐந்து இளைஞர்கள் லண்டனில் சேர்ந்து வாசிக்கிறார்கள். பியானோவில் டு ப்ரேயின் கணவர் டேனியல் பாரன்பாய்ம், வயலினில் இட்சாக் பெர்ல்மன், வியோலாவில் பிங்காஸ் சுக்கர்மன், டபுள் பாஸில் நம் மும்பையில் பிறந்த சூபின் மேத்தா. மேடைக்குப் பின்னால் ஒருவர் வாத்தியத்தை மற்றவர் பிடுங்கி வாசித்துச் சிரித்துக் களிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் குறும்புக்குக் குறைவில்லாதவர் டு ப்ரே.

1971இல் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு நாள் இருக்கும், மறுநாள் சரியாகிவிடும். மன அழுத்தம், களைப்பு என்றே அது கருதப்பட்டது. அவரும் தன்னையே சந்தேகித்தார். மேடையை விட்டு விலகி ஓய்வெடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் திடீரென்று கை வசப்பட, ஷோபான், ஃப்ராங்க் ஆகியோரின் சொனாட்டாக்களை பாரன்பாய்முடன் இரண்டே நாளில் பதிவு செய்தார். ஸ்டுடியோவில் அவர் கடைசியாக வாசித்தது அதுதான்.

1973 பிப்ரவரியில் நியூயார்க்கில் பிராம்ஸின் இரட்டைக் கன்செர்ட்டோ. நடத்தியவர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், உடன் வாசித்தவர் சுக்கர்மன். தந்தியின் மேல் விரல் எங்கே இருக்கிறது என்பதைத் தொட்டு உணர முடியாமல், கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார் டு ப்ரே. கடைசி நாள் நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டார். அதன்பின் அவர் மேடையில் செல்லோ வாசிக்கவில்லை.

அக்டோபரில் நோய்க்குப் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய் அது. பெரும்பாலும் இளம் வயதில் வரும், பெண்களை அதிகம் தாக்கும், வந்து வந்து விலகிப் போக்குக் காட்டும். அதைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. அன்று புழக்கத்தில் இல்லை. நோயின் போக்கை மாற்றக்கூடிய முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1993இல்தான். டு ப்ரே 1987 அக்டோபர் 19 அன்றே இறந்துவிட்டார்.

அந்த 14 ஆண்டுகளும் அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. முடிந்தவரை மாணவர்களுக்குக் கற்பித்தார். அவருடைய பயிற்சி வகுப்புகள் தொலைக்காட்சியிலும் வந்தன. புரோகோஃபியேவின் ‘பீட்டரும் ஓநாயும்’ பதிவுக்குக் கதைசொல்லியாகக் குரல் கொடுத்தார். கை போனபின்பும் இசையை விடவில்லை. ஆனால் 1998இல் வந்த ‘ஹிலரி அண்ட் ஜாக்கி’ திரைப்படம் அவருடைய குடும்ப வாழ்க்கையைத்தான் அலசியது. அவரை அறிந்த இசைக்கலைஞர்கள் பலர் அதை எதிர்த்து வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இதில் இசையுலகம் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தினமும் பல மணி நேரம் விரலோடு வாழும் ஒருவர் “கை மரத்துப்போகிறது” என்றால், அவரைவிட அதை நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. மேடை பயம் என்று தட்டிக்கழிக்காமல், முதல் முறை சொன்னதுமே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்று மருந்து இருக்கிறது. காலம் தாழ்த்தினால் அதன் பலன் குறையும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டு ப்ரேயை இதுவரை கேட்டதில்லை என்றால் எல்கரில் தொடங்காதீர்கள். ஹேடனின் சி மேஜர் செல்லோ கன்செர்ட்டோவில் தொடங்குங்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகள் தொலைந்து கிடந்து 1961இல் பிராகில் கண்டெடுக்கப்பட்ட படைப்பு அது. 1967இல் பாரன்பாய்ம் நடத்த, டு ப்ரே வாசித்த பதிவு இன்றும் கிடைக்கிறது. அதன் கடைசிப் பகுதியில் வில் துள்ளி ஓடுவதைக் கேளுங்கள். பிறகு எல்கருக்கு வாருங்கள்.