பொதி சுமப்பவர் யார்?

பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கிடையே அமைந்த ஊர் நம் காடாம்புலியூர். நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றி இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும் ஒன்றை நினைவூட்டுவோம். 1956-இல் நிறுவனம் தொடங்கப் பெற்ற காலத்தே பெருந்தடையாய் நின்றது கரியன்று. கரிக்கும் கீழே பேரழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்த ஊற்றுநீரே! அந்நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து வெள்ளம் புகும். மண்ணை வாரிக் கொட்டும் மாபெரும் பொறியைப் படம் பிடிப்பார் பலர்; நீரிறைக்கும் குழாயைப் படம் பிடிப்பார் எவருமிலர்.

கணினி உலகிலும் இத்தகைய நீரிறைப்பு ஒன்று ஓயாது நடைபெறுகின்றது. அதன் பெயர் பொதி மேலாண்மை. ஒரு மென்பொருள் தனியே வாழ்வதில்லை. அது வேறு பத்தைச் சார்ந்து நிற்கும். அப்பத்தும் வேறு முப்பதைச் சாரும். எதற்கு எது வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும், எது எதனோடு முரணும் என்று கணக்கிட்டு, வந்த பொதி உரியவரிடமிருந்து வந்ததுதானா என்று முத்திரை பார்த்து, அதனதன் இடத்தில் இறக்கி வைக்கும் நிரலே பொதி மேலாளர். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய தெபியன் என்னும் கட்டற்ற இயக்குதளத்தில் இவ்வேலையை 'ஆப்ட்டு' செய்கின்றது. 1999 மார்ச்சில் வெளிவந்த தெபியன் 2.1-இல் அது முதன்முதலாக மக்கள் கைக்கு வந்தது. 2023-இல் வெளிவந்த தெபியன் 12-இலோ அறுபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள்! அத்தனையையும் பேணுவோர் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர். தெபியனை உடைமையாகக் கொண்ட முதலாளி எவனுமில்லை. அதனிடம் அவர்கள் ஊதியம் பெறுவதுமில்லை.

இஃது எப்படி நடக்கும் என்று வியப்பார், நமக்கு அண்மையிலிருக்கும் வடலூருக்குச் சென்று பார்க்கட்டும். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, ஊரார் கொணரும் அரிசியாலும் உழைப்பாலும் இன்றளவும் எரிகின்றது.

இதனால் தமிழர்க்கென்ன என்பீர்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பெற்ற கணினிகளில் 'பாசு' என்னும் இயக்குதளமும் இருந்ததே, அது தெபியனிலிருந்து உருவாக்கப்பட்டதுதான். யாரோ ஊர்பேர் அறியாதார் இறைத்த நீரை நம் வீட்டுப் பிள்ளையும் குடித்தது. திரும்பக் கொடுத்தோமா? சிலர் கொடுத்தனர். 2023 சனவரியில் தெபியன் ஆர்வலரின் சிறுமாநாடு ஒன்று நம் பக்கத்து விழுப்புரத்திலேயே நடைபெற்றது. அதே ஆண்டு செப்தம்பரில் உலக மாநாடு கொச்சியில் கூடிற்று. சிறுமாநாட்டை விழுப்புரத்து இளைஞர் நடத்திக் காட்டினர் என்று சொல்ல நமக்குச் சற்றுப் பெருமையே.

ஆயினும் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. தெபியனை நிறுவும் நிரல் தமிழிற் பேசும். நிறுவி முடித்தபின் நாள்தோறும் நாம் உரையாட வேண்டிய ஆப்ட்டோ, தெபியன் 12-இல் தமிழறியாது! மராத்தி அறியும்; நேபாளி அறியும்; பூட்டானின் சோங்காவும் அறியும். தமிழ்க் கோப்பு மட்டும் இல்லை. எந்த அரசு தடுத்தது? எந்த வல்லாண்மை நெரித்தது? எவரும் தடுக்கவில்லை, நாம் எழுதவில்லை. கலைச்சொற்குவியல்களை அச்சிட்டு அடுக்கினோம். மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் நிறைவேற்றினோம். அச்சொற்களை வைக்க வேண்டிய இடம் வெற்று மேற்கோட் குறிகளாகக் காத்துக் கிடக்கின்றது. (தீர்மானம் நிறைவேற்றியவருள் இதனை எழுதுவோனும் ஒருவன்.)

வெற்றுக் குறிகள் என்றது அணியன்று. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கில வரி ஒன்றும், அதன்கீழ் நிரப்ப வேண்டிய வெற்றிடம் ஒன்றுமாகவே அமைந்திருக்கும். நிரப்பி, வழுவறிக்கையோடு இணைத்துப் பேணுநர்க்கு விடுத்தால் போதும். எளிதுபோல் தோன்றும், அன்று. பொதியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி நிற்கும். தமிழிலோ பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். முன்னே என்ன பெயர் வருமென்று தெரியாமல் 'ஐ' உருபை எங்ஙனம் புணர்ப்பது? அப்படியே ஒட்டினால் உடன்படுமெய் இழந்து பல்லிளிக்கும். 'இன்ன என்னும் பொதியை நீக்குகின்றது' என்று ஒரு சொல்லை இடையில் நிறுத்தினால் சிக்கல் தீரும். இரண்டு குறிகள் ஒரே வரியில் வந்து, தமிழ் நடைக்கேற்ப அவை இடம்மாற வேண்டுமாயின் எண்ணிட்டு மாற்றலாம். இவற்றைக் கணினிப் பொறியாளரினும் இலக்கணம் கற்ற தமிழாசிரியரே நன்கு செய்வர். ஆனால் எழுதியதை ஒரு முறையேனும் கணினியில் ஓட்டிப் பார்த்தபின் விடுக்க வேண்டும். குறி ஒன்று சிதைந்தாலும், அதனைத் தேடித் திருத்தும் சுமை முன்பே சோர்ந்திருக்கும் பேணுநர் தலையில் விழும்.

சோர்வைப் பற்றி விளையாட்டாகச் சொல்லவில்லை. 'எக்சுசெட்டு' என்னும் சிறு சுருக்கு நிரலைப் பல்லாண்டு தனியொருவராய், ஊதியமின்றிப் பேணி வந்தார் ஒருவர். 2022-இல் அவர் தம் தளர்ச்சியை வெளிப்படையாகவே எழுதினார். உதவி என்ற பெயரில் ஒருவன் வந்தான். இரண்டாண்டுக்கு மேல் நல்லவனாய் உழைத்து நம்பிக்கை பெற்றான். 2024-இல் அந்நிரலுக்குள் கள்ளக்கதவொன்றை வைத்தான். தெபியனின் ஆய்வுப் பதிப்பில் பணியாற்றிய ஆண்ட்ரசு பிராய்ண்டு என்பார், கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகின்றதே என்று ஐயுற்றுத் தோண்டியதால், நிலைத்த பதிப்பைச் சேருமுன் அது பிடிபட்டது. உண்மையான துணை நால்வர் அவர் பக்கத்தில் இருந்திருப்பின் அக்கள்வனுக்கு அங்கு வேலையேது? ஆகவே ஆர்வத்தோடு நூறு வரி எழுதி மறைந்துவிடுவாரினும், திங்களுக்குப் பத்து வரியே எழுதினும் அடுத்த பதிப்பிலும் நிற்பாரையே நாம் வேண்டுகின்றோம்.

இனி ஒரு சொல்லாய்வு. சார்பு நிறைவுறாத பொதிகளை ஆங்கிலத்தில் 'உடைந்தவை' என்கின்றனர். சிலர் அவ்வாறே பெயர்த்து வருகின்றனர். அப்பொதியில் உடைவு ஏதுமில்லை. அதற்கு வேண்டிய துணைதான் கிட்டவில்லை. 'துணையறு பொதி' என்பது நம் பரிந்துரை. பயனர் தாமே மாறாமல் நிறுத்தி வைத்ததை 'நிறுத்திய பொதி' எனலாம். இவற்றினும் நல்ல சொல் உடையார் விடுக்க. அடுத்த இதழில் ஒப்பிட்டு ஆய்வோம்.