பிரேக் டிஸ்க்குக்கும் இடம், வலம் உண்டு

காருக்குப் புது பிரேக் டிஸ்க் போடுவது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள், சகோதரிகளே. பின் ஸீட்டில் உட்காரப் போவது நம் குழந்தைகள்தானே!

வாலாஜாபேட்டையில் என் நாத்தனார் பிள்ளை, குடும்பத்தோடு ஏலகிரி போவதற்கு முன் பழைய டிஸ்க்குகளைக் கழற்றச் சொல்லி, மேலே கோடு வெட்டிய புது ஜோடி ஒன்றை ஷெட்டில் மாட்டிக்கொண்டு வந்தான். "கோடு எவ்வளவு அழகா இருக்கு பாருங்க அத்தை!" என்றான். "கோடு இருக்கட்டும்டா, உள்ளே இருக்கிற தகட்டைப் பார்த்தியா?" என்றேன்.

விஷயமே அங்கேதான். முன் சக்கரத்து டிஸ்க் பெரும்பாலும் ஒரே தட்டு அல்ல. இரண்டு தட்டு, நடுவே வரிசையாகச் சின்னத் தகடுகள், அவற்றுக்கிடையே காற்றுப் போக வழி. ஓரத்தில் டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும். பிரேக் போட்டால் வண்டியின் வேகம் முழுக்கச் சூடாக மாறுகிறது. நனைந்த குடையைச் சுழற்றினால் தண்ணீர் வெளியே தெறிக்கிறதல்லவா? அதே போல் டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து, ஓரம் வழியாகத் தள்ளிச் சூட்டைத் தணிக்கிறது.

தகடு நேராக இருந்து, மேலே கோடும் இல்லையென்றால் எந்தப் பக்கமும் மாட்டலாம். நேர்த்தகட்டில் கோடு இருந்தால் தயாரித்தவர் போட்ட அம்புக்குறிப்படி போக வேண்டும். தகடு வளைந்திருந்தால் கோட்டைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. சக்கரத்தின் உச்சியில் நிற்கும் தகட்டின் வெளி நுனி, வண்டியின் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முன்பக்கம் சாய்ந்திருந்தால் இடம் வலம் மாறிவிட்டது என்று அர்த்தம். வளைந்த தகடாக இருந்து, இரண்டு பெட்டியிலும் ஒரே நம்பர் இருந்தால் கடைக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள்.

மாறினால் பிரேக் உடனே விட்டுவிடாது. ஊருக்குள் ஓட்டும் வரை தெரியவே தெரியாது, அதுதான் பொல்லாப்பு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்துக்கொண்டே இறங்கும்போது, காற்று குறைந்து சூடு ஏறினால், பெடலை அழுத்தியும் வண்டி நிற்கத் தயங்கும்.

இன்னொரு வம்பு: அமெரிக்க வீடியோவில் 'டிரைவர் பக்கம்' என்றால் அது இடது பக்கம். நமக்கோ வலது! ஷெட்டுத் தம்பி அதைப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறது. வண்டிக்குள் முன்னோக்கி உட்கார்ந்தால் எது இடமோ, அதுவே இடம். பானெட்டைப் பார்த்து நின்று கணக்குப் பண்ணினால் தலைகீழ்தான். "ரெண்டையும் மாத்திடறேன்க்கா, அரை நாள் விடுங்க" என்று அந்தத் தம்பியே சரி செய்து கொடுத்தது.

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவியிருப்பார்கள். அதை பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் பேடும் பாழ். முதல் சில நாட்கள் அடித்துப் பிடிக்காமல், மெதுவாக மிதித்துப் பழக்க வேண்டும். மலை இறங்கும்போது சின்ன கியர் போடச் சொல்லுங்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பு வாடைக்குப் பழகிப்போன நம் மூக்கு இதை லட்சியம் பண்ணாமல் விட்டுவிடும், ஜாக்கிரதை!