மோடமும் தொழிற்கல்வியும்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் சென்னை முதலிய பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, மாணவர்க்குச் சகாயக் கட்டணத்தில் வாய்த்தது யூனிக்ஸ் ஷெல்லின் எழுத்துத் திரை மாத்திரமே. ஆயினும் பிற்பாடு லினக்ஸில் தொலைபேசி எண்ணையும் மோடத்தின் வேகத்தையும் கடவுச்சொல்லையும் தம் கையாலேயே எழுதி, ‘பிபிபிடி’ என்னும் நிரலை இயக்கி, மறுமுனையின் விடைக்காகக் காத்திருந்தவர்கள், ஓர் இணைப்பு எத்தனை படிகளால் உருவாகிறது என்பதைப் பிரத்தியட்சமாக அறிந்தனர்.

அந்த வித்தை காலாவதியாயிற்று என்பாருடன் நான் உடன்படேன். தொழிற்சாலைக் கருவிகளில் பொருத்தப்படும் செல்பேசி மோடங்கள் பல இன்றும் அந்நாளைய தொலைபேசி மோடங்களை இயக்கிய அதே பழைய ‘ஏடி’ கட்டளைகளுக்கே செவிசாய்க்கின்றன. ஆதலின், சென்னைக்கு அருகிலுள்ள மணிமங்கலத்திலிருந்து ஒரகடத்து ஆலைகளுக்கு வேலை தேடிச் செல்லும் பிள்ளைகளுக்கு, தொழிற்பயிற்சி நிலையங்கள் ஒரு பழைய கணினியையும் இரண்டு மோடங்களையும் கொடுத்து, அறுந்த இணைப்பைப் படிப்படியாகப் பரிசோதித்து மீட்கும் முறையை அவசியம் போதிக்க வேண்டும்.