ஒரு லட்சத்துக்கு முப்பது குதிரை... வாங்கலாமா?

ஸ்போர்ட்ஸ் கார்னதும் ஃபெராரி, லம்போர்கினின்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கவும். நான் இருக்கறது பெரிய காஞ்சிபுரம். எங்க ராஜ வீதியில ஃபெராரி வந்தா தேர் பார்க்கற மாதிரி கூட்டம் கூடிடும். எங்க ஊர் பசங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா, டர்போ எஞ்சின் வெச்ச சின்ன கார்தான்.

எங்க பெரியப்பா பையன் அப்படி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்காரு. ஒரகடத்துல வேலை, மூணு வருஷம் சேர்த்த காசு. போன மாசம் ஒரு கொட்டேஷனை நீட்டி, "டேய், நீ மெக்கானிக்கல்தானே படிக்கற, இது தேறுமா பாரு"ன்னாரு. ஈசியூ ரீமேப், பெரிய சைலன்சர், ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். 120 குதிரைசக்தி 150 ஆகுமாம். என்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு!

நேர்ல சொன்னா சண்டை வரும். அதான் எழுதறேன் :-)

முதல்ல நியாயத்தைச் சொல்லிடறேன். ரீமேப் ஏமாத்து வேலை இல்லை. டர்போ இல்லாத காருக்கு ஃபில்டரும் சைலன்சரும் மாத்தினா சத்தம்தான் ஏறும், சக்தி ஏறினது கண்டுபிடிக்கவே கஷ்டம். டர்போ கதை வேற. காத்தை எவ்வளவு அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளணும், எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்ப பொறி வைக்கணும்னு முடிவு பண்றது ஈசியூங்கற கம்ப்யூட்டர். அதுல நம்பரை மாத்தினா அதே எஞ்சின் நிஜமாவே கூடுதலா இழுக்கும். முப்பது குதிரை கிடைக்கலாம்.

ஆனா அந்த முப்பது குதிரை எங்கேர்ந்து வருது? இங்கதான் என் சந்தேகமே ஆரம்பிக்குது.

எங்க ஊர்லேர்ந்து பொன்னேரிக்கரை வழியா சென்னை ரோட்டுல போனா, இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஃபேக்டரி இருக்கு. அவங்களோட ஐ20 என் லைன் 2021ல வந்தப்போ, ஒரு லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 120 பிஎஸ்னு அறிவிச்சாங்க. 150 வெச்சா இன்னும் நல்லா விக்குமே, ஏன் வைக்கல? அவங்க இஞ்சினியர்களுக்குத் தெரியாதா என்ன? மே மாச வெயில், சுமாரான பெட்ரோல், நேரத்துக்கு ஆயில் மாத்தாத ஓனர், ஏசி போட்டு அஞ்சு பேரோட மலை ஏறற குடும்பம்... இத்தனைக்கும் தாங்கணும்னுதான் எந்தக் கம்பெனியும் எஞ்சின்ல கொஞ்சம் மிச்சம் வைக்கும். ரீமேப் பண்றவர் புதுசா எதையும் கொண்டு வந்து வைக்கறதில்லை. அந்த மிச்சத்தை எடுத்து நம்மகிட்டயே விக்கறார். ஏற்கனவே காசு கொடுத்து வாங்கின பாதுகாப்பை, இன்னொரு ஒரு லட்சம் கொடுத்துச் செலவழிக்கறோம்.

பெரியம்மா இதை எங்களைவிட நல்லா சொல்லுவாங்க. பிள்ளையார்பாளையத்துல இன்னமும் தறி போடறாங்க. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில கரையும் உடம்பும் வேற வேற கலர், நெய்யும்போதே ஒண்ணோட ஒண்ணு கோர்த்து வரும். "கரைக்கு மட்டும் ஜரிகையை ஏத்திகிட்டே போனா உடம்பு தாங்க வேணாமா?"ன்னு கேப்பாங்க. கார்லயும் அதேதான். எஞ்சின் கூடுதலா முறுக்கினா கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ், டயர், பிரேக் எல்லாம் அதைத் தாங்கணும். அதெல்லாம் பழைய 120 கணக்குக்குப் போட்டது. கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சா அது தனிச் செலவு, அந்தக் கொட்டேஷன்ல வராது.

சரி, கிடைக்கறது எவ்வளவுன்னு கணக்குப் பார்ப்போம். வேகம் ஏற ஏற காத்து எதிர்க்கும். அதை ஜெயிக்கத் தேவையான சக்தி, வேகத்தோட மூணாம் அடுக்குல ஏறுது. அதனால சக்தி 25% கூடினா உச்ச வேகம் சுமார் 8%தான் கூடும். 190ல போறது 205ல போகும். எங்க போகும்? காந்தி ரோட்டுல முகூர்த்த நாள்ல புடவை வாங்க வர்ற வண்டிகளுக்கு நடுவுல 15ல போனாலே பெரிய விஷயம். பெங்களூர் ஹைவேயில லாரி, குறுக்க வர்ற மாடு, எதிர்ப்பக்கம் வர்ற பைக். ஓவர்டேக் சுலபமாகும், ஒத்துக்கறேன். ஆனா 100ல போனவர் 120ல போனா பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் 44% கூடும். பிரேக் மட்டும் பழைய பிரேக்!

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்குல அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாம மாத்தின ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லை ரெண்டுமே. சைலன்சர் சத்தத்துக்குத் தனிப் பிரிவு இருக்கு. மாத்தினதைச் சொல்லாம விட்டா இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்லயும் சிக்கல் வரலாம். கார் வாரன்ட்டியில இருந்தா எஞ்சின் பக்கம் அதையும் மறந்துட வேண்டியதுதான்.

"அப்போ ஆசையே படக்கூடாதா?"ன்னு அண்ணன் கேப்பாரு. தாராளமா படலாம். வண்டி மேல ஆசை இல்லாதவன் மெக்கானிக்கல் எதுக்குப் படிக்கறான்?

அதே இருங்காட்டுக்கோட்டையில 1990லேர்ந்து ரேஸ் டிராக் இருக்கு, ஒரு சுத்து சுமார் 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர் கரிவரதன் 80கள்ல மாருதி 800 எஞ்சினை வெச்சே ஒத்தை சீட் ரேஸ் கார் செஞ்சாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. நாற்பது குதிரைகூட சரியா இல்லாத எஞ்சின் அது. நாராயண் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினது அந்தக் கார்தான். 2005ல அவர் ஃபார்முலா ஒன்னுக்கே போயிட்டாரு. முதல்ல ட்யூன் பண்ண வேண்டியது ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்கற ஆளைத்தான்னு எனக்குத் தோணுது.

அதனால அண்ணனுக்கு என் கொட்டேஷன் இது:

1. நல்ல டயர் நாலு. ரோட்டைத் தொடறது அது மட்டும்தான். வேகம், திருப்பம், பிரேக் மூணுக்கும் உதவும். கம்பெனி சொன்ன சைஸ்லயே வாங்கினா சட்டத்துக்கும் பிரச்சனை இல்லை.
2. புது பிரேக் பேட், புது பிரேக் ஆயில்.
3. டிராக்ல ஒரு நாள் டிரைவிங் பயிற்சி.
4. மீதிப் பணம் பேங்க்ல.

நாளைக்கே டிராக்ல போட்டிக்கு இறங்கறதா இருந்தா ரீமேப் பண்ணட்டும். அங்க அதுக்குன்னு விதி இருக்கு, எஞ்சின் போனா போகட்டும்னு தயாரா வருவாங்க. தினமும் ஒரகடம் போயிட்டு வர்ற ஒரே காருக்கு வேணாம்.

அண்ணா, இதைப் படிப்பேன்னு தெரியும். அந்த ஐயாயிரம் அட்வான்ஸ் திரும்ப வராதுதான். ஒரே ஒரு அபராதம் முன்கூட்டியே கட்டினதா நினைச்சுக்கோ. மீதி தொண்ணூத்தஞ்சாயிரம் இன்னும் உன் கையிலதான் இருக்கு.