மாதம் எவ்வளவு என்பதல்ல கேள்வி



தாராவியின் பத்துக்குப் பத்து அறைகளில் இரண்டு தலைமுறையைக் கழித்துவிட்ட நம் குடும்பங்கள் இன்று அம்பர்நாத்திலும் பத்லாப்பூரிலும் விராரிலும் சொந்த வீடு தேடுகின்றன. தேடட்டும். உழைப்பாளிக்கு வீடு ஆடம்பரமல்ல. ஆனால் வீட்டைப் பார்க்க நாலு ஞாயிற்றுக்கிழமை அலைகிறவர்கள் கடன் தாளைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. "மாசம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். வட்டி ஏறினால் என்ன ஆகும் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் கடன், 7 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை 7,753 ரூபாய். முதல் தவணையில் 5,833 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,920 தான். இதுவும் வட்டி மாறாமல் இருந்தால்! 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. அதே அளவு ஏறினால் 7 சதவீதக் கடன் ஒன்பதரை ஆகிவிடும். அப்போது 10 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 7,916. பழைய தவணை வட்டிக்கே காணாது. கடன் கொடுத்தவன் தவணையை ஏற்றவில்லை, நல்லவன் என்று நாம் இருப்போம். அவனோ மாதங்களை நீட்டியிருப்பான். ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடும்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும்; தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று அவரே தேர்ந்தெடுக்க வழி தர வேண்டும். இந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் போடலாம்.

சம்பளச் சீட்டு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியை வங்கி திருப்பி அனுப்புகிறது. அவர் வீட்டுக் கடன் கம்பெனிக்குப் போகிறார். அங்கே வட்டி அதிகம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் மாறும் வட்டி வீட்டுக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்ற விதி அந்தக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாது. 2025 இல் ரெப்போ குறைந்தபோது நம் வட்டி ஏன் குறையவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். தவணை 90 நாள் தவறினால் மட்டும் எல்லோருக்கும் ஒரே கதிதான்: 2002 ஆம் வருஷச் சட்டப்படி 60 நாள் நோட்டீசு, பிறகு வழக்கே போடாமல் வீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

என்னைப் போன்ற ரயில்வே ஊழியருக்கு வீடு கட்ட முன்பணம் உண்டு. தனிவட்டி, முதலில் அசலைப் பிடித்து, வட்டியைக் கடைசியில் பிடிப்பார்கள். நியாயமாகக் கடன் கொடுப்பது எப்படி என்று அரசுக்குத் தெரியாமலில்லை. அதே ரயில்வேயில் தண்டவாளத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த முன்பணம் ஏன் இல்லை? இதைச் சங்கம் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.

அதுவரை, கடன் வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் தாளைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் வரிவரியாகப் படித்துச் சொல்வார்கள்.