எண்ணிக்கையில் சேராதவர்கள்

ஏ.பி.எல். எனப்படும் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியாவை ‘அரிய நோய்’ என்று சொல்ல எங்களுக்குத் தயக்கம் உண்டு. பெரியவர்களுக்கு வரும் மைலாய்டு வகைத் தீவிர ரத்தப் புற்றுநோயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இது என்பது உண்மைதான். ஆனால், அவ்வகையில் பிற நோய்கள் முதுமையில் பெருக, இது உழைக்கும் வயதினரிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் இது தோன்றுகிறது. தொற்றுவதன்று, பரம்பரையாக வருவதுமன்று.

1957இல் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக விவரித்தபோது, சில வாரங்களில் உயிரைப் பறிக்கும் நோயாக இருந்தது. இன்று நிலைமை வேறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு கொண்டே சிகிச்சை தொடங்கினர். 86 விழுக்காட்டினரிடம் நோய் முற்றிலும் தணிந்தது. நம் மாநிலத்திலேயே கிடைத்த இந்த முடிவை உலகம் கவனித்தது.

எனினும், அக்கணக்கு மருத்துவமனையை வந்தடைந்தவர்களைப் பற்றியதே. இந்நோயில் ரத்தம் உறையும் ஆற்றல் குலைவதால், முதல் சில நாள்களிலேயே மூளையில் கசிவு ஏற்பட்டு இறப்போர் உண்டு. நோய் கண்டறியப்படுமுன் ஒருவர் இறந்தால், அது பக்கவாதம் என்றே எழுதப்படக்கூடும். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் மாநிலப் பதிவேடாயினும், திண்டுக்கல் மாவட்டத்துக்கான அம்பிளிக்கைப் பதிவேடாயினும், கண்டறியப்படாத நோயை எவ்வாறு எண்ணும்? இந்நோயின் அருமையில் ஒரு பகுதி நம் தாமதம் உண்டாக்கியது என்பதே எங்கள் கருத்து.

தட்டணுக்கள் குறைந்தாலே டெங்கு என்று முடிவுகட்டும் பழக்கம் இங்கு வேரூன்றிவிட்டது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காய்ச்சலின்றி ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்தால், அடிபடாமலே தோலில் கன்றிய திட்டுகள் தோன்றினால், அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறும் இயந்திர எண்ணிக்கை போதாது. இந்நோயில் வெள்ளணுக்கள் குறைந்தே இருப்பதும் உண்டு. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்குமாறு கேளுங்கள். சிறு ஊர்களின் ஆய்வகங்களிலும் செய்யக்கூடிய சோதனை அது. ஐயம் எழுந்துவிட்டால், மரபணுச் சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் ட்ரெட்டினாயின் மாத்திரையைத் தொடங்கிவிடுவதே முறை. தேனியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ மதுரைக்குப் பேருந்து ஏறுவதற்கு முன், அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிடுங்கள். தட்டணுக்களையும் பிளாஸ்மாவையும் ஆயத்தம் செய்ய நேரம் கிடைக்கும். ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் பேருந்து வேண்டாம், 108ஐ அழையுங்கள்.