கடலுக்கும் தொடக்க இருப்பு வேண்டும்

கடலில் எண்ணெய் மிதந்தால் கப்பல் மீதோ எண்ணெய்க் கிணறு மீதோதான் உடனே சந்தேகப்படுகிறோம். ஆனால் கடலடிப் பாறைப் பிளவுகள் வழியாக எண்ணெய் தானாகவே கசியும் இடங்களும் உலகில் பல உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கரையோரம் அதில் பெயர் பெற்றது. அங்கே கோல் ஆயில் பாயிண்ட் அருகில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 100 பீப்பாய் கசிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான சூமாஷ் மக்கள், இயற்கையாகக் கசியும் தாரைப் பயன்படுத்தித் தங்கள் பலகைப் படகுகளின் இடுக்குகளை அடைத்தார்கள்.

இந்தக் கசிவை விமானத்திலிருந்தே லேசர் கொண்டு கண்டுபிடிக்கலாம். வங்கியில் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால் அதன் எண்கள் ஒளிர்கின்றன அல்லவா? அதே தத்துவம்தான். தாழப் பறக்கும் விமானம் புற ஊதா லேசரைக் கடல்மீது பாய்ச்சுகிறது. எண்ணெயில் உள்ள சில சேர்மங்கள் அதை உறிஞ்சி வேறு நிறத்தில் ஒளிர்கின்றன. லேசான எண்ணெயா, கனத்த எண்ணெயா என்பதுகூட அந்த ஒளியில் ஓரளவு தெரிந்துவிடும். செயற்கைக்கோள் ரேடாரோ எண்ணெய்ப் படலத்தையும், காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும் வெறும் நீரையும் ஒன்றுபோலக் கருப்பாகவே காட்டும்.

எண்ணெய்க் கம்பெனிகள் 1980களிலிருந்து இந்த சர்வேயைச் செய்தது எங்கே தோண்டலாம் என்று அறிவதற்காக. அதில் தவறில்லை. ஆனால் கிணறு தோண்டும் முன்பே இதைக் கட்டாயமாக்கி, முடிவுகளை அரசுப் பதிவேட்டில் ஏற்றி, யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கசிவு நாளுக்கு நாள் கூடும், குறையும். ஆகவே ஒருமுறை பறந்தால் போதாது. வெவ்வேறு பருவங்களில் பறக்க வேண்டும்.

2015 மே மாதம் அதே சாண்டா பார்பரா பகுதியில் கரையோரக் குழாய் ஒன்று உடைந்து எண்ணெய் கடலில் கலந்தது. கரையொதுங்கிய தார் உருண்டைகளில் குழாயிலிருந்து வந்தது எது, கடலடியிலிருந்து வந்தது எது என்று ரசாயனப் பரிசோதனை செய்துதான் பிரிக்க வேண்டியிருந்தது. பல காலமாக ஆராயப்பட்ட கடலிலேயே இந்தப் பாடு என்றால், யாரும் அளந்தே பார்க்காத கடலில் என்ன ஆகும்?

தொழில் ரகசியம் என்று கம்பெனிகள் சொல்லலாம். எண்ணெய் எவ்வளவு, எந்த ஆழத்தில் என்பதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கடலின் மேற்பரப்பில் மிதப்பது ரகசியம் ஆகாது.

ரொக்கப் புத்தகத்தில் தொடக்க இருப்பை எழுதாமல் வரவு செலவு எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பின்னால் பணம் குறைந்தால் யாரைக் கேட்பது? கடல் கணக்கும் அப்படித்தான். முதல் பக்கத்தில் அந்த இருப்பு இருந்தால், இயற்கையின் மேல் பழிபோட்டுக் கம்பெனி தப்ப முடியாது. இயற்கைக் கசிவுக்குக் கம்பெனியைக் குற்றம் சொல்லவும் முடியாது. வலையில் தார் ஒட்டி நஷ்டப்பட்ட மீனவர், இழப்பீடு கேட்டு எந்த வாசலில் நிற்பது என்றாவது தெரிந்துகொள்வார்.